ஆள் இருக்காங்கல்ல?

அலுவலகத்தில் அவளை முகத்துக்கு நேரே அக்கா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் அகராதி என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். வார்த்தைக்கு வார்த்தை சரியாகச் சொல்கிறவள் என்பதால் வந்த பெயரா, அகராதி பிடித்தவள் என்பதால் வந்த பெயரா என்று மட்டும் அவள் யாரிடமும் கேட்டதில்லை. ரெண்டும்தான் என்று பதில் வந்தால் என்ன செய்வது?

வேலை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. வெளிநாடு என்பதால் ஆஸ்பத்திரியில் டாக்டரோ நர்ஸோ இங்கிலீஷில் பேசுவார்கள். நோயாளி தமிழில் பேசுவார். நடுவில் போனில் இவள் உட்கார்ந்துகொண்டு அதை இதாகவும் இதை அதாகவும் மாற்றிக் கொடுக்க வேண்டும். முகம் தெரியாது, பெயர் சொல்லக்கூடாது, நம்பர்தான். இவள் நம்பர் பதினேழு. சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நோயாளி ‘எனக்கு வயித்தை வலிக்குது’ என்றால், ‘அவருக்கு வயிறு வலிக்கிறதாம்’ என்று ஒதுங்கி நின்று சொல்லக்கூடாது. ‘எனக்கு வயிறு வலிக்கிறது’ என்றுதான் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் எண்பது வயதுக் கிழவராக மூத்திரம் போகாமல் தவித்திருக்கிறாள், இரட்டைப் பிள்ளைகள் உண்டாகியிருக்கிறாள், மாடிப்படியில் உருண்டு இடுப்பை ஒடித்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது, இத்தனை பேருடைய உடம்பையும் கழற்றி வைத்துவிட்டுத் தன் உடம்பை மாட்டிக்கொள்வதற்கே அரைமணி நேரம் ஆகும்.

அந்த உடம்பு இப்போது சரியில்லை. பித்தப்பையில் கல். மூன்று முறை வலி வந்து சுருட்டிப் போட்டுவிட்டது. அடுத்த புதன்கிழமை ஆபரேஷன். காலையில் போனால் சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மயக்க மருந்து கொடுப்பதால் கூட்டிக்கொண்டு போகவும், ஒரு ராத்திரி ஒரு பகல் வீட்டில் கூட இருக்கவும் ஓர் ஆள் வேண்டும். போன தடவை தங்கை வருவதாக இருந்தது. அன்று காலையில் வரமுடியாமல் போக, ஆபரேஷன் உடையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை அதைக் கழற்றச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ‘தங்கைக்குக் காய்ச்சல்’ என்று ஒரு பொய்யைச் சொல்லி வேறு தேதி வாங்கினாள். இந்தத் தடவையும் தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான், ஐந்து மாதம்.

அன்று காலை அவள் ஹெட்போனை மாட்டுவதற்குள் பக்கத்துத் தடுப்பிலிருந்து பிளாஸ்க் எட்டிப் பார்த்தாள். தினமும் இரண்டு பிளாஸ்க் நிறையத் தேநீர் கொண்டுவருகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? தமிழுக்கு அந்த அலுவலகத்தில் மூன்று பேர். அகராதி, பிளாஸ்க், பிரசவ விடுப்பில் போயிருக்கிற ஒரு பெண்.

“அக்கா, மார்க் வந்துடுச்சு. எனக்கு ரெண்டு கொறைச்சுட்டாங்க.”

மாதம் ஒருமுறை பதிவான பேச்சுகளில் ஒன்றை எடுத்துக் கேட்டு யாரோ மார்க் போடுவார்கள். அந்த யாரோ யாரென்று இவர்களுக்குத் தெரியாது.

“எதுக்காம்?”

“நர்ஸ் கேக்கறாங்க, வீட்டுல கூட இருக்க ‘சம்ஒன்’ இருக்காங்களான்னு. நான் ‘யாராவது இருக்காங்களா’ன்னு கேட்டேன். அது ‘எனிஒன்’னுக்குச் சொல்றதாம், ‘சம்ஒன்’னுக்கு இல்லையாம். என்னக்கா இது? ரெண்டும் யாராவதுதானே? ஒரே சட்டை, பட்டன்தானே வேற?”

“சட்டையே வேற.”

“ஆரம்பிச்சுட்டாங்க.”

“இரு. நீ எங்க வீட்டுக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன்னு வை. நான் உன்கிட்ட, ‘டீ குடிப்பாரா’ன்னு கேட்டா என்ன அர்த்தம்?”

“குடிப்பாரா மாட்டாரான்னு உங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம்.”

“‘டீ குடிப்பாருல்ல?’ன்னு கேட்டா?”

“அடுப்புல வெச்சுட்டீங்கன்னு அர்த்தம்.”

“அவ்வளவுதான். ‘எனிஒன்’னு கேட்டா, ஆள் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, நீயே சொல்லுன்னு கேக்கறது. ‘சம்ஒன்’னு கேட்டா, ஆள் இருப்பாங்கன்னு அவங்களே முடிவு பண்ணிட்டு, ஆமான்னு சொல்றதுக்காகக் கேக்கறது. அதைத் தமிழ்ல ‘கூட ஆள் இருக்காங்கல்ல?’ன்னுதான் கேக்கணும். அந்த ‘ல்ல’ இருக்கணும்.”

“ஒரு ‘ல்ல’வுக்கு ரெண்டு மார்க்கா?”

“கேள்வியையே மாத்திட்டியே! நர்ஸ் கேட்டது ஒண்ணு, நீ கேட்டது ஒண்ணு.”

பிளாஸ்க் உதட்டைப் பிதுக்கினாள். “உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?”

“முழுசா.”

“அதானே. மார்க் போடுறதே நீங்கதானோன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.” சொல்லிக்கொண்டே மூடியில் தேநீர் ஊற்றி நீட்டினாள். “புதன்கிழமைக்கு யார் வர்றாங்க? உங்க தங்கச்சியா?”

அகராதி மூடியை வாங்கி உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். “யாராவது வருவாங்க.”

“யாராவதுன்னா?”

“குரூப்புல போட்டிருக்கேன்.”

குரூப் என்றால் குடும்பத்துப் போன் குழு. தேதியையும் நேரத்தையும் போட்டு, ‘ஒரு நாள் கூட இருக்க வேண்டும்’ என்று அவள் எழுதி எட்டு நாள் ஆகிவிட்டது. வெளியூரில் இருக்கிற தம்பி, ‘யாராவது ஒருத்தர் வந்துடுவோம், கவலைப்படாதே’ என்று உடனே பதில் போட்டான். தம்பி மனைவி கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டாள், சற்றுப் பொறுத்து இன்னொன்றையும் போட்டாள். கப்பலில் வேலை பார்க்கிற மகன் எந்தக் கடலிலிருந்தோ, ‘அம்மா, சித்தி இருக்காங்கல்ல?’ என்று கேட்டிருந்தான். அந்தச் சித்தி, அதாவது இவளுடைய தங்கை, எல்லாவற்றையும் படித்ததற்கு நீலக் குறி விழுந்திருந்தது. பதில் இல்லை. எட்டு நாளாக எல்லோரும் ‘யாராவது’வை நம்பிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். அந்த யாராவதுக்கு மட்டும்தான் விஷயம் தெரியாது.

“அக்கா,” பிளாஸ்க் குரலைத் தாழ்த்தினாள். “உண்மையைச் சொல்லுங்க. யாரும் இல்லதானே?”

“கணவர் இருந்தப்போ அவர் இருந்தார். அப்புறம் பையன் இருந்தான். இப்போ...” அவள் தேநீரைக் குடித்து மூடியைத் திருப்பிக் கொடுத்தாள். “ஒரு ராத்திரிதானே? கதவைச் சாத்திட்டு நான் படுத்துக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது? ஆள் இருக்குன்னு சொல்லிட்டாப் போச்சு.”

“ஆஸ்பத்திரியில கூட்டிட்டுப் போக ஆள் நின்னாத்தானே விடுவாங்க?”

“டாக்ஸி டிரைவரை மச்சான்னு சொல்லிக்கறேன்.”

சிரிப்பதா வேண்டாமா என்று பிளாஸ்க் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் போன் பெட்டியில் விளக்கு எரிந்தது. இரண்டு பேரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷனுக்கு முந்திய விசாரணைக்காக அவளைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காக மதிய இடைவேளையை முன்னாலேயே எடுத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தாள். சாப்பாட்டு அறைக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் செல்போனை மேஜைமேல் வைத்துவிட்டு அதற்கு எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தடுப்புகள், தடுப்புகளுக்குமேல் தலைகள். பிளாஸ்க்கின் கொண்டை தெரிந்தது.

போன் வந்தது. எடுத்தாள்.

“வணக்கம்,” என்றது ஒரு தமிழ்க் குரல். “நான் உங்களுக்கு மொழிபெயர்க்கிறவ. என் நம்பர் நாற்பத்தொண்ணு. நீங்க சொல்ற எல்லாத்தையும் அப்படியே சொல்வேன். எதையும் கூட்டமாட்டேன், கொறைக்கமாட்டேன். லைன்ல ஆஸ்பத்திரி நர்ஸ் இருக்காங்க.”

நாற்பத்தொன்று பிளாஸ்க்கின் நம்பர்.

அகராதி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஆஸ்பத்திரியில் இந்தத் தடவை கொடுத்த படிவத்தில் ‘எந்த மொழியில் பேச விருப்பம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஊரார் வயிற்று வலியை எல்லாம் இங்கிலீஷில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு, என் வயிற்று வலியையாவது தமிழில் சொல்கிறேன் என்று தமிழுக்கு நேரே குறி போட்டுவிட்டு வந்தாள். அந்த ஆஸ்பத்திரியின் வேலை முழுக்க இந்த அலுவலகத்துக்குத்தான் வரும். தமிழுக்கு மூன்று பேர். ஒருத்தி விடுப்பில், ஒருத்தி சாப்பாட்டு அறையில் நோயாளியாக. மிச்சம் யார்? பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டியவளுக்கு மூன்றில் இரண்டு போனால் எத்தனை என்று தெரியாமல் போய்விட்டதே!

நர்ஸ் இங்கிலீஷில் பெயரும் பிறந்த தேதியும் கேட்டாள். பிளாஸ்க் தமிழில் கேட்டாள். அகராதி சொன்னாள். கண்ணாடிக்கு அப்பால் அந்தக் கொண்டை ஒரு நொடி அசையாமல் நின்றது. தெரிந்துவிட்டது.

தெரிந்தவர்கள் லைனில் வந்தால் உடனே சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும் என்பது விதி. விலகினால் நர்ஸ் வேறு ஆள் தேடுவாள். வேறு ஆள் கிடையாது. புதன்கிழமைப் பட்டியலை இன்றைக்கே மூடிவிடுவார்கள். இதெல்லாம் இரண்டு பேருக்கும் தெரியும். மூச்சு விடுகிற நேரம் போயிற்று. பிறகு பிளாஸ்க் பெயரையும் தேதியையும் இங்கிலீஷில் சொன்னாள், எங்கேயோ பார்த்த முகத்தைத் தெரியாதது போலக் கடந்துபோகிற குரலில்.

கேள்விகள் வந்தன. வேறு வியாதி உண்டா, என்ன மாத்திரை, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, கட்டுப்பல் உண்டா. “எனக்குக் கட்டுப்பல் இல்லை” என்று பிளாஸ்க் இங்கிலீஷில் சொன்னாள். பிளாஸ்க்குக்கு மேல்வரிசையில் நான்கு கட்டுப்பல். அகராதிக்குச் சிரிப்பு வந்தது. இங்கிலீஷில் கேட்டதும் தமிழுக்குக் காத்திராமல் வாயைத் திறக்கப்போய் இரண்டு தடவை நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு தடவை நர்ஸ் இங்கிலீஷில் கேட்டதை அவளே மனசுக்குள் தமிழாக்கிவிட்டு, நோயாளி பதில் சொல்லட்டும் என்று பேசாமல் காத்திருந்தாள். பிளாஸ்க் தமிழிலும் கேட்டு முடித்து, லைனில் ஒரு சத்தமும் இல்லை. “அம்மா, உங்களைத்தான் கேக்கறாங்க,” என்று பிளாஸ்க் சொன்ன பிறகுதான் அந்த நோயாளி தான்தான் என்பது உறைத்தது.

அடுத்த கேள்வி வந்தது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவும் மறுநாள்வரை கூட இருக்கவும் ‘சம்ஒன்’ இருக்கிறார்களா என்று நர்ஸ் கேட்டாள்.

பிளாஸ்க்குக்குக் காலையில்தான் இரண்டு மார்க் போயிருக்கிறது. காலையில்தான் பாடமும் கேட்டிருக்கிறாள்.

“உங்களைக் கூட்டிட்டுப் போகவும், மறுநாள் வரைக்கும் கூட இருக்கவும் ஆள் இருக்காங்கல்ல?”

அச்சுப் பிசகாத கேள்வி. ‘ல்ல’ அதனிடத்தில் சரியாக உட்கார்ந்திருந்தது. முழு மார்க் போடலாம்.

“இருக்காங்க,” என்றாள் அகராதி.

யோசிக்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொல்ல இடமே இல்லை. இல்லை என்று சொல்வதென்றால் கேட்கிறவளுடைய நினைப்பைப் பொய்யாக்க வேண்டும், அவள் அடுப்பில் வைத்துவிட்ட தேநீரைக் கீழே கொட்ட வேண்டும். அறுபதை எட்டுகிற வயதில் யாருடைய தேநீரையும் கொட்டத் தெம்பில்லை. இருக்காங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது எவ்வளவு சுலபம்! இதே கேள்வியை இதே ‘ல்ல’வோடு எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள்? அத்தனை பேரும் இருக்காங்க என்றுதான் சொன்னார்கள். இல்லை என்று ஒருத்தர் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. போன வாரம் ஓர் அம்மாள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கேள்வி காதில் விழவில்லை என்று நினைத்து, இவள் அதையே இன்னும் அழுத்தமாகக் கேட்டாள். “ஆங், இருக்காங்க, இருக்காங்க,” என்றாள் அந்த அம்மாள்.

லைனில் பிளாஸ்க் பேசவில்லை. ‘எனக்கு ஆள் இருக்கிறது’ என்று இங்கிலீஷில் மூன்று வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லவில்லை.

நர்ஸ், “லைனில் இருக்கிறீர்களா?” என்று கேட்டாள்.

“மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்க அனுமதி கேட்கிறார்,” என்றாள் பிளாஸ்க் இங்கிலீஷில். அப்படி ஒரு வழி விதியிலேயே உண்டு. நோயாளி சொன்னது புரியாவிட்டால் திருப்பிக் கேட்கலாம்.

“கேளுங்கள்,” என்றாள் நர்ஸ்.

“அம்மா, ஆள் இருக்காங்கன்னு சொன்னீங்க. அது யாருன்னு சொல்ல முடியுமா?”

அகராதி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை முறைத்துவிட்டுத் திரும்பக் காதில் வைத்தாள். “யாராவது இருப்பாங்கன்னு சொல்லிடேன்.”

பிளாஸ்க் அதையும் அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். “‘யாராவது இருப்பார்கள் என்று சொல்லிவிடேன்.’”

“யாரிடம் சொல்ல?” என்று நர்ஸ் குழம்பினாள். “யார் இருப்பார்கள்?”

“ஏம்மா, கொஞ்சம் சும்மா இரேன்!” என்றாள் அகராதி.

“‘அம்மா, கொஞ்சம் சும்மா இருங்கள்,’” என்றாள் பிளாஸ்க் இங்கிலீஷில், ஒரு மாற்றும் இல்லாத குரலில்.

“என்ன சொன்னீர்கள்?” நர்ஸின் குரல் ஏறிவிட்டது.

“ஐயோ, உங்களைச் சொல்லலைம்மா!”

“‘ஐயோ, உங்களைச் சொல்லவில்லை அம்மா.’”

இந்தச் சங்கடத்தை அகராதி இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் இருக்கிற பெண்டாட்டியை ஒருத்தர் திட்டினால் அதையும் சேர்த்து டாக்டருக்குச் சொல்லியிருக்கிறாள். சொன்னதைச் சொன்னபடி. இப்போது அவள் வாயிலிருந்து விழுகிற ஒவ்வொன்றையும் ஒருத்தி பொறுக்கியெடுத்து, துடைத்து, அடுத்த பக்கம் வைத்துக்கொண்டிருக்கிறாள். தப்பிக்க இடமில்லை. கண்ணாடிக்கு அப்பால் அந்தக் கொண்டை திரும்பவே இல்லை. தோள் மட்டும் லேசாக ஏறி இறங்கியது. சிரிக்கிறாளோ, வேறு எதுவோ.

“யாரு வருவாங்கன்னு கேக்கறாங்க அம்மா,” என்றாள் பிளாஸ்க் மெதுவாக. “யாராவது இருக்காங்களா? இருந்தாலும் சொல்லுங்க, இல்லாட்டியும் சொல்லுங்க.”

நர்ஸ் கேட்டது இதில்லை. இன்னும் இரண்டு மார்க் போயிற்று.

அகராதி மேஜையில் யாரோ சிந்திவிட்டுப் போன சர்க்கரையை விரலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். தம்பியை நினைத்தாள், மகனை நினைத்தாள், கும்பிடுகிற கைகளை நினைத்தாள். டாக்ஸி டிரைவர் மச்சானைக்கூட நினைத்துப் பார்த்தாள்.

“யாரும் இல்ல,” என்றாள்.

“ஐ ஹேவ் நோ ஒன்,” என்றாள் பிளாஸ்க்.

விதிப்படி, ‘நான்’ என்று. அவளுக்குக் கணவர் உண்டு, இரண்டு பெண்கள் உண்டு, மாமனார் மாமியார் உண்டு, வீடு நிறைய ஆள். ஆனாலும் அந்த நான்கு வார்த்தையைத் தனக்கே ஆனதுபோல, எதையும் கூட்டாமல் குறைக்காமல், நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பிறர் துன்பத்தை எல்லாம் தன் வாயால் சொல்லி வந்தவளுக்குத் தன்னுடையதை இன்னொருத்தி வாயில் கேட்பது அன்றைக்குத்தான் முதல் தடவை. கேட்பதற்கு அது அப்படியொன்றும் வெட்கக்கேடாக இல்லை. கட்டுப்பல் இல்லை என்பது போல ஒரு தகவல், அவ்வளவுதான்.

லைனில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

போச்சு என்று நினைத்தாள். ஐந்து மாதம்.

“சரி,” என்றாள் நர்ஸ். “அப்படியென்றால் உங்களை வார்டில் போட்டுவிடுகிறேன். ஒரு ராத்திரி எங்களிடம் இருந்துவிட்டு வியாழக்கிழமை மத்தியானம் போகலாம். மாற்று உடையும் செருப்பும் கொண்டுவாருங்கள்.”

இங்கிலீஷ் அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் பிளாஸ்க் தமிழில் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை கேட்டபோதுதான் நம்பிக்கை வந்தது.

“அப்படி ஒரு வசதி இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கிறதே,” என்றாள் நர்ஸ். “ஆள் இல்லாதவர்களுக்கென்று நான்கு படுக்கை ஒதுக்கி வைத்திருக்கிறோம். முன்னாலேயே சொன்னால் போதும். ஆனால் தமிழ் பேசுகிறவர்கள் கேட்பதே அபூர்வம். உங்களில் எல்லோருக்கும்தான் வீட்டில் ஆள் இருக்கிறார்களே! கொடுத்து வைத்தவர்கள்.”

பிளாஸ்க் அதைத் தமிழில் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள் நர்ஸ். ஒன்றுமில்லை என்றாள் அகராதி. லைன் அறுந்தது.

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். புதன்கிழமை நிச்சயம், கல்லை எடுத்துவிடுவார்கள், ராத்திரி முழுக்க நர்ஸ் பக்கத்தில் இருப்பாள். வரவில்லை. போன வாரத்து அம்மாள்தான் வந்தாள். ஆங், இருக்காங்க, இருக்காங்க. அவள் எந்த வீட்டில், எந்தக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாளோ! அவளுக்கு முன்னால் எத்தனை பேர்? நம்பர்கூட இல்லை, முகம்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் முழு மார்க்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பிளாஸ்க் வந்தாள். ஒரு பிளாஸ்க்கும் கூட வந்தது.

“பாத்ரூம்னு சொல்லிட்டு வந்தேன். அஞ்சு நிமிஷம்,” என்றபடி எதிரில் உட்கார்ந்தாள். “கோவமா?”

“நர்ஸை நான் சும்மா இருன்னு சொன்னதா வெச்சுட்டியேடி பாவி.”

“கூட்டக்கூடாது, கொறைக்கக்கூடாது. யார் சொல்லிக்கொடுத்தது?”

“எழுதிக் கொடுத்துடு. தெரிஞ்சவங்க லைன்ல வந்தாங்க, விலகலன்னு.”

“எழுதறேன், எழுதறேன். அந்த ரெண்டு மார்க்கோட இதுவும் போகட்டும்.” தேநீரை ஊற்றி நகர்த்தினாள். கொஞ்ச நேரம் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, ‘நான் வரேன்’னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. லைன்ல சொல்லக்கூடாதுன்னு அடக்கிக்கிட்டேன்.”

“சொல்லியிருந்தா வந்திருப்பியா?”

பிளாஸ்க் யோசித்தாள். “மாட்டேன். வீட்டை விட்டு ஒரு ராத்திரி வெளிய வந்தா அங்க உலகமே நின்னுடும்.”

“அப்போ சொல்லாதது நல்லதாப் போச்சு.”

“அக்கா.”

“என்ன?”

“நாலு படுக்கை சும்மா கெடக்குதாமே.”

“கேட்டேன்.”

“நான் ‘யாராவது இருக்காங்களா’ன்னு கேட்டேனே, மார்க் போச்சுன்னு சொன்னேனே, அந்த அம்மா என்ன பதில் சொன்னாங்க தெரியுமா? ‘எம்மா, இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல, யாரும் இல்லம்மா’ன்னாங்க. நர்ஸ் சரின்னு எழுதிக்கிட்டாங்க, அவங்களை எங்க போட்டாங்கன்னு நான் கேட்டுக்கல. மார்க் போன கவலைதான் எனக்கு.”

அவள் எழுந்து அகராதியின் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு, பிளாஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இடைவேளை இன்னும் பதினோரு நிமிஷம் இருந்தது. தங்கைக்குப் போன் போட்டாள்.

ஆறு தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள் தங்கை. எடுத்ததும், “அக்கா, நானே பேசணும்னு இருந்தேன்,” என்றாள் அவசரமாக. “பாத்தேன், பாத்தேன். புதன்கிழமைதானே? பாத்துக்கலாம்க்கா.”

“ஆஸ்பத்திரியிலேயே ஒரு நாள் வெச்சுக்கறாங்களாம். யாரும் வரவேண்டியதில்ல.”

அந்தப் பக்கத்திலிருந்து வந்த மூச்சு, இடுப்பில் வைத்த குடத்தை இறக்கி வைக்கிறவள் விடுகிற மூச்சாக இருந்தது. “அப்பாடா! நல்லதாப் போச்சு. யாராவது வரணுமேன்னு எனக்கு ஒரே கவலை. வியாழக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நான் வந்து பாக்கறேன். வந்துடுவேன். பாக்கறேன், எப்படியும்...”

“ஏய், நில்லு. உன்னை ஒண்ணு கேக்கறேன். வர முடியுமா, முடியாதா? முடியாதுன்னாலும் சொல்லு. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்.”

“என்னக்கா இப்படிக் கேக்கறே?”

“இப்படித்தான் கேக்கறேன். போன தடவை நான் ‘வந்துடுவேல்ல?’ன்னு கேட்டேன். நீ ஆமான்னே.”

பின்னால் எங்கேயோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கிழக்குரல் தங்கையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. படுத்த படுக்கையாக இருக்கிற மாமியார். “வர்றேன் அத்தை,” என்று போனிலிருந்து முகத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தங்கை திரும்பி வந்தாள்.

“முடியாதுக்கா,” என்றாள். “புதனும் முடியாது, வியாழனும் முடியாது. அவங்களைப் புரட்டிப்போட என்னைவிட்டா ஆளில்ல. வாசலைத் தாண்டி நாலு மாசம் ஆச்சு.”

“அதை ஏன் போன தடவையே சொல்லல?”

“யார் கேட்டாங்க?” தங்கையின் குரல் உடைந்தது. “இவர் ஆபீஸ் போகும்போது ‘நீ பாத்துப்பேல்ல?’ம்பார். அவர் அக்கா போன்ல ‘நீ இருக்கேல்ல?’ம்பாங்க. உன் பையன் குரூப்புல ‘சித்தி இருக்காங்கல்ல?’ன்னு போடறான். நீயும் அப்படித்தான் கேட்டே. எல்லாத்துக்கும் ஆமா, ஆமா, ஆமா. முடியுமா முடியாதான்னு ஒரு ஆள் கேக்கல.”

“இப்போ கேட்டுட்டேன்ல?”

“இப்போதான்.”

“அழறியா?”

“வெங்காயம்.”

“பொய் சொல்லாதே. இந்நேரத்துக்கு நீ சமைச்சு முடிச்சிருப்பே.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு தங்கை சிரித்தாள். அந்தக் கிழக்குரல் மறுபடி கூப்பிட்டது, இந்தத் தடவை கொஞ்சம் குறைவான அவசரத்தோடு.

“போகணுமா?” என்று கேட்டாள் அகராதி.

தங்கை கொஞ்சம் யோசித்தாள். “உடனே இல்ல. தண்ணிதான் கேக்கறாங்க, பக்கத்துலதான் இருக்கு, கையை நீட்டினா அவங்களே எடுத்துக்கலாம்.”

“நின்னுக்கிட்டா பேசறே?”

“ஆமா.”

“எனக்கு இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. உட்காரு.”

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவளும் பிளாஸ்க்கைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்தாள்.